மின்நூல்களைப் போன், கிண்டில், கம்ப்யூட்டர் எல்லாவற்றிலும் ஒழுங்காக வைத்துப் படிப்பது எப்படி? அடிக்கடி வரும் கேள்விகள்

தண்டையார்பேட்டை, வண்ணாரப்பேட்டை, திருவொற்றியூர் பக்கம் படிக்கிற பழக்கம் உள்ளவர்கள் சேர்ந்து ஒரு வாட்சப் குழு வைத்திருக்கிறோம். புத்தகங்களைப் பற்றிப் பேசத்தான் ஆரம்பித்தது, ஆனால் அங்கே அதிகம் வருவது 'அண்ணா, இந்த ஃபைல் திறக்க மாட்டேங்குது' வகைக் கேள்விகள்தான். ஒரே பதிலை ஆளாளுக்குத் தனித்தனியாகத் தட்டிக்கொண்டிருக்க முடியவில்லை என்பதால் இங்கே ஒரே இடத்தில் போட்டுவிட்டேன். கேள்விகளை அவரவர் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன். முன்னால் சொன்னதைப் பின்னால் திரும்பச் சொல்லவில்லை, அதனால் புதிதாக வருகிறவர்கள் மேலிருந்து படிப்பது நல்லது.

1. மின்நூல்னா பிடிஎஃப் தானே அண்ணா? இபப் இபப்னு வேற ஏதோ சொல்றீங்களே, அது என்ன?

பிடிஎஃப் என்பது அச்சிட்ட பக்கத்தின் நகல். பக்கம் எந்த அளவில் வடிவமைக்கப்பட்டதோ அதே அளவில்தான் நிற்கும். ஏ4 தாளுக்குச் செய்த பக்கத்தைப் போனில் திறந்தால் எழுத்து எறும்பு மாதிரி தெரியும், பெரிதாக்கினால் வரிக்கு வரி இடமும் வலமும் தள்ளித் தள்ளிப் படிக்க வேண்டும். இபப்பில் பக்கம் என்று ஒன்று நிலையாகக் கிடையாது. உள்ளே இருப்பது வெறும் எழுத்து, தலைப்பு, படம், அத்தியாய வரிசை, அவ்வளவுதான். அது ஒரு ஜிப் ஃபைல், உள்ளே இணையப் பக்கங்கள் எழுதும் அதே முறையில் எழுதியிருப்பார்கள். எந்தத் திரையில் திறக்கிறோமோ அதற்கேற்ப வரிகள் மடங்கிக்கொள்ளும், எழுத்தைப் பெரிதாக்கினால் வரிகள் மறுபடி ஒழுங்காக அமையும்.

மோபி என்பது கிண்டில் என்ற அமேசானின் படிக்கும் கருவிக்கான பழைய ஃபைல் வடிவம். இப்போது அதைத் தேடி அலைய வேண்டாம், கிண்டிலுக்கே இபப் அனுப்பலாம் (11-வது கேள்வியைப் பாருங்கள்). ஒரே புத்தகம் இரண்டு வடிவிலும் கிடைத்தால் இபப்பை எடுங்கள். கணக்குப் புத்தகம், படம் நிறைந்த புத்தகம், பழைய அச்சுப் பிரதியின் ஸ்கேன், இதற்கெல்லாம் மட்டும் பிடிஎஃப்.

2. படிக்கறதுக்குன்னு தனியா ஒரு கருவி வாங்கணுமா? போனே போதாதா?

போன் போதும். முதல் பத்துப் புத்தகம் போனில் படித்து முடியுங்கள், அதற்குப் பிறகும் ஆசை இருந்தால் வாங்கலாம். வாங்கிவிட்டு அலமாரியில் தூங்கும் கிண்டில்கள் நம் பக்கத்திலேயே நிறைய.

கிண்டில், கோபோ போன்ற படிக்கும் கருவிகளின் திரை மின்மை (இ-இங்க்) வகை. பக்கம் திருப்பும்போதுதான் அதற்கு மின்சாரம் தேவை, அதனால் ஒரு முறை சார்ஜ் போட்டால் வாரக்கணக்கில் வரும், வெயிலிலும் காகிதம் போலத் தெரியும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்து தண்ணீர் தேங்கிக் கிடந்த நாட்களில் போன் சார்ஜை அவசரத்துக்கு மிச்சம் பிடித்து வைத்துக்கொண்டு கிண்டிலில் படித்தவர்கள் குழுவில் இருக்கிறார்கள். இன்னொரு லாபம், நடுவில் வாட்சப் மணி அடிக்காது. ஆனால் டிஎன்பிஎஸ்சிக்குப் பள்ளிப் புத்தகங்களைப் பிடிஎஃப்பாக வைத்துப் படிப்பவர்கள் 6 அங்குலக் கிண்டில் வாங்கிப் பிரயோஜனம் இல்லை. அவர்களுக்கு 10 அங்குல டேப்லெட்தான் சரி, காரணம் 9-வது பதிலில் இருக்கிறது.

3. காசும் கொடுக்காம, திருட்டும் இல்லாம தமிழ்ப் புத்தகம் எங்க கிடைக்கும்?

நிறைய இடம் இருக்கிறது. மதுரைத் திட்டம் 1998 பொங்கலன்று தொடங்கியது, சங்க இலக்கியத்திலிருந்து இருபதாம் நூற்றாண்டு வரை தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து போட்டிருக்கிறார்கள். ஃப்ரீ தமிழ் இபுக்ஸ் 2013 முதல் இருக்கிறது. எழுத்தாளர்களே பகிரலாம் என்று உரிமம் கொடுத்த நூல்கள் அங்கே உண்டு, இபப், மோபி, ஏ4 பிடிஎஃப், 6 அங்குலப் பிடிஎஃப் என்று தனித்தனியாகவே வைத்திருப்பார்கள், புதிதாக வருகிறவர்கள் அங்கிருந்து தொடங்குவதுதான் சுலபம். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்தில் பழைய அச்சுப் பிரதிகளின் ஸ்கேன் ஏராளம். தமிழ் விக்கிமூலமும் உண்டு, அங்கிருந்தே இபப்பாக இறக்கிக்கொள்ளலாம். பள்ளிப் பாடநூல்களைத் தமிழ்நாடு பாடநூல் கழகமே இலவசமாகப் போட்டிருக்கிறது, அதற்கு எந்த டெலிகிராம் சேனலும் வேண்டாம்.

4. டெலிகிராம்ல புதுப் புத்தகமே வருதே ப்ரோ, எடுத்தா என்ன?

எடுக்கக் கூடாது. இந்தியச் சட்டப்படி எழுத்தாளர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஜனவரி முதல் கணக்கிட்டு 60 ஆண்டுகள் பதிப்புரிமை உண்டு. 1964-ல் இறந்தவரின் எழுத்து 2025 ஜனவரி 1-ல்தான் பொதுவுக்கு வந்தது. அரசு நாட்டுடைமை ஆக்கிய எழுத்தாளர்கள் என்றால் முன்பே பொதுவாகிவிடும். மொழிபெயர்ப்பு என்றால் மூல ஆசிரியரை மட்டும் பார்த்தால் போதாது, மொழிபெயர்த்தவரின் உரிமை தனி.

சட்டத்தை விடுங்கள். தமிழில் ஒரு நாவல் ஆயிரம் பிரதி விற்றால் அது நல்ல விற்பனை என்று பேசிக்கொள்ளும் நிலைமை, அதில் போய்க் கை வைப்பது எனக்குப் பிடிக்கவில்லை, குழுவிலும் அனுமதிப்பதில்லை. தவிர அந்த ஃபைல்களின் தரத்தைப் பார்த்திருக்கிறீர்களா? போனில் படம் பிடித்த பக்கங்கள், ஓரத்தில் ஒருத்தர் கட்டைவிரல், நடுவில் நாலு பக்கம் காணோம்.

5. இறக்கின புத்தகம் போன்ல எங்க போய் விழுதுன்னே தெரியலண்ணா. ஒவ்வொரு தடவையும் தேட வேண்டியிருக்கு.

இதுதான் எல்லாக் குழப்பத்துக்கும் ஊற்றுக்கண். பிரவுசரில் இறக்கியது டவுன்லோட்ஸ் போல்டரில் இருக்கும். வாட்சப்பில் வந்தது ஆண்ட்ராய்டு, மீடியா என்று உள்ளே உள்ளே போய் வாட்சப் டாக்குமெண்ட்ஸ் என்ற போல்டரில் கிடக்கும். அதிலும் பெயர் இல்லாமல் வந்த ஃபைல் என்றால் தேதியும் ஒரு வரிசை எண்ணும்தான் பெயராக நிற்கும். ஆறு மாதம் கழித்து அது திருக்குறள் உரையா மின்கட்டண ரசீதா என்று திறந்து பார்த்தால்தான் தெரியும்.

போனில் 'புத்தகம்' என்று ஒரே ஒரு போல்டர் உருவாக்குங்கள். ஃபைல் வந்த உடனே பெயரை 'ஆசிரியர் - தலைப்பு' என்று மாற்றி அங்கே நகர்த்துங்கள். உடனே என்றால் உடனே, பிறகு செய்கிறேன் என்பவர்கள் யாரும் செய்து நான் பார்த்ததில்லை. படிக்கும் செயலி ரீட்எராவோ மூன் ரீடரோ எதுவானாலும், போன் முழுக்கத் தேடாமல் அந்த ஒரு போல்டரை மட்டும் பார்க்கும்படி அமைப்பில் சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் உங்கள் ரேஷன் கார்டு பிடிஎஃப்பும் புத்தக அலமாரியில் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

6. காலிபர் போடு, காலிபர் போடுன்னு எல்லாரும் சொல்றாங்க. அது என்ன, ரொம்ப கஷ்டமா?

காலிபர் கம்ப்யூட்டரில் ஓடும் இலவச மென்பொருள். மும்பையில் பிறந்த கோவித் கோயல் 2006-ல் எழுதத் தொடங்கியது, இன்றும் அடிக்கடி புதுப் பதிப்பு வருகிறது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். முகப்பைப் பார்த்தால் பழைய காலத்து மென்பொருள் போலப் பட்டன்கள் குவிந்திருக்கும், பயப்பட வேண்டாம். தினமும் தேவைப்படுவது நான்குதான்: புத்தகம் சேர்ப்பது, விவரம் திருத்துவது, வடிவம் மாற்றுவது, கருவிக்கு அனுப்புவது.

இதில் புரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. நீங்கள் ஒரு ஃபைலைச் சேர்த்ததும் காலிபர் அதை நகலெடுத்துத் தன் போல்டருக்குள், ஆசிரியர் பெயரில் ஒரு போல்டர், அதற்குள் புத்தகத்தின் பெயரில் ஒரு போல்டர் என்று வைத்துக்கொள்ளும். எந்தப் புத்தகம் எங்கே என்ற கணக்கு அதன் தரவுத்தளத்தில் இருக்கும். அதனால் அந்தப் போல்டருக்குள் போய் நீங்களாகப் பெயர் மாற்றுவது, இடம் மாற்றுவது கூடவே கூடாது, கணக்கு குழம்பிவிடும். எதுவானாலும் காலிபருக்குள்ளிருந்தே செய்யுங்கள். சேர்த்து முடித்தபின் டவுன்லோட்ஸில் இருக்கும் மூல ஃபைலை அழித்துக்கொள்ளலாம்.

நான் எல்லோரிடமும் சொல்வது: காலிபரில் இருப்பதுதான் உங்கள் நூலகம், தாய்ப் பிரதி அங்கேதான். போனிலும் கிண்டிலிலும் டேப்லெட்டிலும் இருப்பதெல்லாம் படிக்க எடுத்துப் போன நகல். போன் தொலைந்தால், கிண்டில் ரயிலில் விட்டால் நகல்தான் போகும். புதிதாக வந்த எதுவும் முதலில் காலிபருக்குள் போய், பெயர் சரியாகி, பிறகுதான் மற்ற கருவிகளுக்கு. இந்த ஒரு ஒழுங்கைப் பிடித்துக்கொண்டால் கீழே வரும் கேள்விகளில் பாதி உங்களுக்கு வராது.

7. எழுத்தாளர் பேரைத் தமிழ்ல போடறதா இங்கிலீஷ்லயா? இனிஷியல் எங்க? ஒரே ஆள் நாலு பேர்ல வர்றாரு.

தமிழ்ப் புத்தகத்துக்குத் தமிழில், ஆங்கிலப் புத்தகத்துக்கு ஆங்கிலத்தில். தமிழ்ப் பெயரை ஆங்கிலத்தில் எழுதினால் ஒருவர் 'ழ'வுக்கு ஒன்று போடுவார், இன்னொருவர் வேறொன்று போடுவார், தேடும்போது எதுவும் சிக்காது.

ஒரே ஆள் நாலு பேராக வருவது எல்லோருக்கும் உள்ள பிரச்சினை. உ.வே.சா., உ. வே. சாமிநாதையர், உ.வே.சாமிநாத ஐயர், டாக்டர் உ.வே.சா. என்று நாலு இடத்திலிருந்து நாலு மாதிரி வரும். மனிதருக்கு இவர் ஒருவர்தான் என்று தெரியும், கம்ப்யூட்டருக்குப் புள்ளி, இடைவெளி மாறினாலே வேறு ஆள். காலிபரில் ஆசிரியர்களை நிர்வகிக்கும் பட்டியல் ஒன்று உண்டு, அங்கே ஒரு பெயரை இன்னொன்றாக மாற்றினால் இரண்டின் புத்தகங்களும் ஒன்றாகச் சேர்ந்துவிடும். எந்த வடிவம் என்பதை ஒரு தடவை முடிவு செய்யுங்கள். என் வழக்கம், இனிஷியலுக்கு நடுவே புள்ளியும் இடைவெளியும், பட்டம் எதுவும் கிடையாது, அட்டையில் இருக்கும் பெயரே பெயர்.

இன்னொரு தொல்லை, வரிசைப்படுத்துவதற்காகக் காலிபர் மேல்நாட்டுப் பழக்கப்படி கடைசிச் சொல்லை முன்னால் கொண்டுபோகும். இனிஷியல் உள்ள தமிழ்ப் பெயருக்கு இது தற்செயலாக நமக்கு வசதி, 'சாமிநாதையர், உ. வே.' என்று 'சா'வில் போய் நிற்கும். இரண்டு சொல்லில் புனைபெயர் வைத்திருப்பவர்கள் கதிதான் பரிதாபம், பெயர் தலைகீழாகிவிடும். அங்கே ஆசிரியர் வரிசை என்ற கட்டத்தில் கையால் திருத்துங்கள். எல்லாமே அப்படியே நிற்கட்டும் என்றால் அமைப்புகளில் ட்வீக்ஸ் பகுதியில் ஆசிரியர் பெயரை நகலெடுக்கும் முறை என்று ஒன்று இருக்கிறது, அதைப் புரட்டாமல் அப்படியே எடுக்கும்படி மாற்றலாம். கூடவே மொழி என்ற கட்டத்தில் தமிழ் என்று போட மறக்காதீர்கள். பல பாக நாவல் என்றால் தொடர் என்ற கட்டத்தில் பெயரும் பாக எண்ணும் போடுங்கள், தலைப்பிலேயே 'பாகம் 1' என்று எழுதினால் பத்தாம் பாகம் இரண்டாம் பாகத்துக்கு முன்னால் வந்து நிற்கும்.

8. டேக் எத்தனை போடலாம்?

குறைவாக. நாவல், சிறுகதை, கவிதை, கட்டுரை, வரலாறு, பரீட்சை, இவ்வளவு போதும். 'கிராமம்', 'மனித உறவுகள்' என்றெல்லாம் ஆரம்பித்தால் புத்தகத்தைவிட டேக் அதிகமாகிவிடும். படித்தாகிவிட்டதா என்பதற்கு மட்டும் காலிபர் பட்டியலில் தனியாக ஒரு நெடுவரிசை உருவாக்கி ஆம், இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள், அது உண்மையிலேயே பயன்படும்.

9. தமிழ் எழுத்து உடைஞ்சு உடைஞ்சு வருது. சிலதுல கட்டம் கட்டமா, சிலதுல இங்கிலீஷ் குப்பை மாதிரி. ஃபான்ட் போட்டா சரியாயிடுமா? அப்புறம் அந்த ஸ்கேன் பிடிஎஃப் கிண்டில்ல படிக்கவே முடியலயே?

முதல் கேள்வியில் மூன்று வெவ்வேறு நோய் இருக்கிறது, எல்லாவற்றுக்கும் ஃபான்ட் மருந்து இல்லை. 'திருவொற்றியூர்' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள், சோதனைக்கு நல்ல சொல், கொம்பு, கால், புள்ளி, சுழி எல்லாம் அதில் உண்டு. எல்லா எழுத்தும் வெற்றுக் கட்டமாக வந்தால் கருவியில் தமிழ் ஃபான்ட் இல்லை என்று அர்த்தம். கிண்டிலை யூஎஸ்பியில் செருகி அதில் உள்ள ஃபான்ட்ஸ் போல்டரில் ஒரு யூனிகோடு (இன்று எல்லாக் கருவிக்கும் பொதுவான எழுத்துக் குறியாக்கம்) தமிழ் ஃபான்டைப் போட்டுத் தேர்ந்தெடுத்தால் சரியாகும்.

எழுத்து தெரிகிறது, ஆனால் 'வொ'வில் கொம்பு எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் ஒட்டிக்கொள்கிறது, புள்ளி தள்ளி நிற்கிறது என்றால் அது ஃபான்ட் குறை அல்ல. யூனிகோடில் மெய்யெழுத்துதான் முதலில் சேமிக்கப்படும், கொம்பு அதற்குப் பின்னால். திரையில் காட்டும்போது கொம்பை முன்னால் கொண்டுவந்து வைப்பது படிக்கும் செயலியின் வேலை, அதற்கு அந்த வேலை தெரியவில்லை. எத்தனை ஃபான்ட் போட்டாலும் மாறாது, செயலியை மாற்றுங்கள். கோபோ, பாக்கெட்புக் போன்றவற்றில் கேஓரீடர் என்ற இலவசச் செயலியைப் போட்டுப் பாருங்கள்.

மூன்றாவது, ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பை. இது யூனிகோடு வருவதற்கு முந்தைய குறியாக்கம், பாமினி, டிஸ்கி, டேப், டேம் என்று ஒவ்வொருவரும் ஒன்று வைத்திருந்த காலத்து ஃபைல். தமிழ்நாடு அரசே 2010-ல்தான் யூனிகோடைத் தரமாக அறிவித்தது, அதற்கு முன் செய்தவை இன்னும் சுற்றிக்கொண்டிருக்கின்றன. இதில் ஏமாற்றுவது பிடிஎஃப்தான், ஃபான்ட் உள்ளேயே இருப்பதால் பார்க்க அழகாகத் தமிழாகத் தெரியும், ஒரு வரியை நகலெடுத்து ஒட்டினால் குப்பை வரும், தேடினால் எதுவும் கிடைக்காது. எழுத்தை எடுத்து என்எச்எம் கன்வர்ட்டர் போன்ற ஒன்றில் போட்டு யூனிகோடாக மாற்ற வேண்டும்.

ஸ்கேன் பிடிஎஃப் கணக்கு சின்னது. ஏ4 தாளின் அகலம் 21 செ.மீ., 6 அங்குலத் திரையின் அகலம் ஏறக்குறைய 9 செ.மீ. பக்கம் பாதிக்கும் கீழே சுருங்குகிறது, 12 புள்ளி எழுத்து 5 புள்ளியாகிறது. மருந்துச் சீட்டின் பின்பக்க எழுத்து மாதிரி ஆகிவிட்டால் யாரால் படிக்க முடியும்? கருவியைக் குறுக்கே திருப்பி அரை அரைப் பக்கமாகப் படிக்கலாம், ஓரத்து வெள்ளை இடத்தை வெட்டலாம், கே2பிடிஎஃப்ஆப்ட் என்ற மென்பொருள் பக்கத்தைச் சொல் சொல்லாக வெட்டிச் சின்னத் திரைக்கு அடுக்கித் தரும். எதற்கும் சரிப்படாத இரண்டு பத்தி, வண்ணப் படப் பள்ளிப் புத்தகங்களுக்கு டேப்லெட்தான்.

10. அந்தப் பிடிஎஃப்பைக் காலிபர்ல இபப்பா மாத்திட்டா வேலை முடிஞ்சுதுல்ல?

முடியாது. காலிபரின் கையேடே பிடிஎஃப்பை, மாற்றுவதற்கு மிக மோசமான வடிவங்களில் ஒன்று என்று சொல்கிறது. ஸ்கேன் என்றால் உள்ளே எழுத்தே இல்லை, வெறும் படம், மாற்றினாலும் படம்தான் வரும். எழுத்து உள்ள பிடிஎஃப்பாக இருந்தாலும் ஒவ்வொரு வரியும் தனிப் பத்தியாகும், பக்க எண் நடு வாக்கியத்தில் வந்து உட்காரும், மேலே போட்ட நூல் தலைப்பு பத்து வரிக்கு ஒரு முறை குறுக்கிடும். பாமினி பிடிஎஃப் என்றால் கேட்கவே வேண்டாம்.

ரொம்பப் பிடித்த, வேறெங்கும் கிடைக்காத, உரிமைச் சிக்கல் இல்லாத பழைய நூல் என்றால் எழுத்துணரி (படத்தில் உள்ள எழுத்தைப் படித்துத் தரும் மென்பொருள்) வழியாகப் போகலாம். ஸ்கேனைக் கூகுள் டிரைவில் ஏற்றி, கூகுள் டாக்ஸில் திறந்தால் தமிழ் எழுத்தைப் படித்துத் தரும். டெசராக்ட் என்ற எழுத்துணரியும் தமிழ் படிக்கும். ஆனால் 'ர'வும் காலும் குழம்பும், ஒற்றுகள் காணாமல் போகும், பழைய 'லை', 'னை' எழுத்துகள் வந்தால் திணறும். பக்கம் பக்கமாக உட்கார்ந்து மெய்ப்புப் பார்க்கப் பொறுமை இருந்தால் மட்டும் இறங்குங்கள், அப்படிச் செய்வதானால் விக்கிமூலத்திலேயே செய்தால் மற்றவர்களுக்கும் பயன்படும்.

11. கிண்டிலுக்கு யூஎஸ்பில போடறது நல்லதா, மெயில்ல அனுப்பறதா?

கிண்டிலுக்கென்று உள்ள முகவரிக்கு மெயிலில் அனுப்பினால் அல்லது அமேசானின் சென்ட் டு கிண்டில் பக்கத்தில் ஏற்றினால் அது உங்கள் அமேசான் கணக்கில் சேர்ந்துவிடும். கிண்டிலிலும் போனில் உள்ள கிண்டில் செயலியிலும் வரும், படித்த இடமும் இரண்டிலும் ஒன்றாகவே இருக்கும். இபப்பை அப்படியே அனுப்பலாம். மெயிலில் 50 எம்பி வரை, இணையப் பக்கத்தில் 200 எம்பி வரை. மெயில் போகவில்லை என்று புகார் சொல்கிறவர்களில் முக்கால்வாசிப் பேர், எந்த முகவரியிலிருந்து அனுப்புகிறார்களோ அதைக் கணக்கின் அனுமதிப் பட்டியலில் சேர்த்திருக்க மாட்டார்கள்.

யூஎஸ்பியில் போட்டது அந்த ஒரு கருவியோடு சரி. போனுக்கு வராது, படித்த இடமும் ஒத்துப்போகாது. ஆனால் உங்கள் புத்தகம் யாருடைய சர்வருக்கும் போக வேண்டியதில்லை. எது வேண்டும் என்பதை நீங்கள் முடிவு செய்யுங்கள், ஒரே புத்தகத்தை இரண்டு வழியிலும் போட்டு இரட்டிப்பாக்காதீர்கள்.

12. மெட்ரோல போன்ல படிப்பேன், வீட்டுக்கு வந்து டேப்ல தொடரணும். எந்தப் பக்கத்துல விட்டேன்னு தேடறதுலயே நேரம் போகுது.

விம்கோ நகர் வரை மெட்ரோ வந்ததிலிருந்து இந்தக் கேள்வி அதிகமாகிவிட்டது. கிண்டில் மட்டும் வைத்திருப்பவர்களுக்கு மேலே சொன்னதே போதும். ஆண்ட்ராய்டும் ஐபோனும் கம்ப்யூட்டருமாகக் கலந்து வைத்திருப்பவர்கள் கூகுள் பிளே புக்ஸில் தங்கள் இபப்பை ஏற்றிக்கொள்ளலாம், படித்த இடம் தானாக ஒத்துப்போகும். மூன் ரீடர் உங்கள் டிராப்பாக்ஸ் கணக்கைப் பயன்படுத்தி அதையே செய்யும். எதுவானாலும் கிளம்பும் முன் புத்தகத்தைப் போனிலேயே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், சுரங்கத்துக்குள் சிக்னலை நம்ப வேண்டாம். மேலே ஏறிச் சிக்னல் கிடைத்ததும் செயலியை ஒரு நொடி திறந்தபடி விடுங்கள், படித்த இடம் அப்போதுதான் போய்ச் சேரும்.

கேஓரீடர் பயன்படுத்துகிறவர்களுக்கு ஒரு நுணுக்கம். அது இரண்டு கருவியிலும் இருப்பது ஒரே புத்தகமா என்று ஃபைலின் உள்ளடக்கத்தைக் கணக்கிட்டுத்தான் கண்டுபிடிக்கும். போனுக்கு அனுப்பிய பிறகு காலிபரில் பெயர் திருத்தி டேபுக்கு மறுபடி அனுப்பினால், நமக்கு ஒரே புத்தகம், அதற்கு வேறு ஃபைல், இடம் ஒத்துப்போகாது. அமைப்பில் ஃபைல் பெயரை வைத்து ஒப்பிடு என்று மாற்றலாம், அல்லது திருத்தியதை எல்லாக் கருவிக்கும் புதிதாக அனுப்பிவிடலாம்.

13. காலிபர்ல பேர், அட்டை எல்லாம் திருத்திட்டேன். ஆனா போன்ல பழைய பேர்தான் காட்டுது. ஏன் சார்?

ஃபைலை எப்படிப் போனுக்குக் கொண்டுபோனீர்கள்? காலிபரின் போல்டரைத் திறந்து நேராக நகலெடுத்திருப்பீர்கள். 6-வது பதிலில் சொன்ன தரவுத்தளம் நினைவிருக்கிறதா, நீங்கள் திருத்தியது அதில்தான் ஏறியிருக்கிறது, இபப் ஃபைலின் உள்ளே பழைய விவரமே இருக்கிறது. காலிபர் வழியாகக் கருவிக்கு அனுப்பினாலோ, 'டிஸ்க்கில் சேமி' என்று எடுத்தாலோ அப்போது புது விவரத்தை உள்ளே எழுதித்தான் கொடுக்கும். நேராக நகலெடுத்தே தீருவேன் என்றால் முதலில் மெட்டாடேட்டாவை (பெயர், அட்டை போன்ற விவரங்களை) ஃபைலுக்குள் பதி என்ற கட்டளையைக் கொடுங்கள்.

14. காலிபர் போல்டரையே கூகுள் டிரைவ்ல வச்சுட்டா வீடு, ஆபீஸ் ரெண்டு இடத்துலயும் திறக்கலாமே?

ஆபத்து. காலிபர் தரவுத்தளத்தில் எழுதிக்கொண்டிருக்கும்போதே டிரைவ் அதே ஃபைலை ஏற்ற முயலும், இரண்டு கம்ப்யூட்டரிலும் ஒரே நேரத்தில் திறந்தால் யாருடைய மாற்றம் நிற்கும் என்று சொல்ல முடியாது. இரண்டு இடத்தில் வேண்டும் என்றால் வெளி ஹார்ட் டிஸ்க்கில் காலிபர் போர்ட்டபிள் என்ற பதிப்பைப் போட்டு, மென்பொருளும் நூலகமும் ஒன்றாகப் பையில் எடுத்துப் போங்கள்.

வீட்டுக்குள் மட்டும் என்றால் காலிபரிலேயே கன்டென்ட் சர்வர் உண்டு. கம்ப்யூட்டரில் அதை ஓடவிட்டு, அதே வைஃபையில் இருக்கும் போனின் பிரவுசரில் கம்ப்யூட்டரின் எண் முகவரியும் 8080 என்ற போர்ட்டும் அடித்தால் மொத்த நூலகமும் திறக்கும். மூன் ரீடர், கேஓரீடர் இரண்டும் ஓபிடிஎஸ் (புத்தகப் பட்டியலைச் செயலிக்குள்ளேயே காட்டும் முறை) வழியாக நேராகவே இழுத்துக்கொள்ளும். வீட்டில் நாலு பேர் படிக்கிறார்கள் என்றால் இதைவிடச் சுகம் இல்லை, யாரும் யாருக்கும் வாட்சப்பில் ஃபைல் அனுப்ப வேண்டாம்.

15. பேக்கப் எல்லாம் அவசியமா? எல்லாம் நெட்ல திரும்பக் கிடைக்கும்தானே?

ஃபைல் கிடைக்கலாம், நீங்கள் உட்கார்ந்து திருத்திய பெயர்களும் குறிப்புகளும் கிடைக்காது. இணையத்தில் இருந்தது என்றைக்கும் இருக்கும் என்பதும் இல்லை, எத்தனையோ தமிழ்த் தளங்கள் சொல்லாமல் கொள்ளாமல் மறைந்திருக்கின்றன.

காலிபரை மூடிவிட்டு முழுப் போல்டரையும் வெளி ஹார்ட் டிஸ்க்கில் நகலெடுங்கள், மாதம் ஒரு தடவை போதும். இன்னொரு நகலைச் சுருக்கி ஒரே ஜிப் ஃபைலாகக் கூகுள் டிரைவில் ஏற்றுங்கள். நடமாடும் போல்டரை டிரைவில் வைப்பதுதான் வம்பு, மூடிய நகலை வைப்பதில் ஒன்றும் இல்லை. வியாசர்பாடி, பட்டாளம், புளியந்தோப்பு மாதிரி தாழ்வான இடத்தில் தரைத்தளத்தில் இருப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன், கம்ப்யூட்டரும் பேக்கப் டிஸ்க்கும் ஒரே மேசையின் கீழ் இருந்தால் அது பேக்கப்பே இல்லை. டிஸ்க்கை மாடி வீட்டுச் சொந்தக்காரரிடம் கொடுத்து வையுங்கள்.

16. அப்பாவுக்குக் கண் சரியா தெரியல. ஹார்பர்ல வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர், நாளெல்லாம் படிக்கணும்ங்கறார். என்ன பண்ணலாம் அக்கா கேக்கச் சொன்னாங்க.

இபப்பாக இருந்தால் எழுத்தை எவ்வளவு வேண்டுமானாலும் பெரிதாக்கலாம். கிண்டிலில் எழுத்தின் தடிமனையும் கூட்ட முடியும், பெரியவர்களுக்கு அளவைவிடத் தடிமன்தான் உதவுகிறது என்பது என் கணிப்பு. வரிக்கு நாலு சொல் வந்தாலும் பரவாயில்லை, பக்கம் திருப்புவது ஒரு தட்டு.

அதுவும் முடியாவிட்டால் கேட்கலாம். ஆண்ட்ராய்டில் கூகுளின் பேச்சு இயந்திரத்தில் தமிழ்க் குரல் உண்டு, அதை இறக்கிவிட்டு மூன் ரீடரிலோ ரீட்எராவிலோ சத்தமாகப் படி என்று விட்டால் படிக்கும். உரைநடை நன்றாகவே வரும். மரபுக் கவிதையை மளிகைப் பட்டியல் போல வாசிக்கும், எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். ஸ்கேன் பிடிஎஃப்பில் படிக்க எழுத்தே இல்லாததால் அங்கே வாய் திறக்காது.

17. அடிக்கோடு போட்டதையெல்லாம் ஒரே இடத்துக்குக் கொண்டு வர முடியுமா?

முழுதாக முடியாது, ஒவ்வொரு செயலியும் தனித்தனியாக வைத்துக்கொள்கிறது. கிண்டிலை யூஎஸ்பியில் செருகினால் டாக்குமெண்ட்ஸ் போல்டரில் மை கிளிப்பிங்ஸ் என்று ஒரு எழுத்து ஃபைல் இருக்கும், நீங்கள் அந்தக் கருவியில் போட்ட அடிக்கோடெல்லாம் வரிசையாக அதில். கேஓரீடர் புத்தகத்துக்குப் பக்கத்திலேயே ஒரு போல்டர் வைத்துச் சேமிக்கும், புத்தகத்தை நகர்த்தினால் அதையும் சேர்த்து நகர்த்துங்கள். மூன் ரீடரில் குறிப்புகளை வெளியே எடுத்துப் பகிரும் வசதி உண்டு. புத்தகம் முடித்த அன்றே எடுத்து, காலிபரில் அந்தப் புத்தகத்தின் குறிப்புக் கட்டத்தில் ஒட்டிவிடுவது என் பழக்கம்.

18. கிண்டில் ஸ்டோர்ல காசு கொடுத்து வாங்கினதைக் காலிபர்ல சேர்த்து வச்சுக்கலாமா? என் புத்தகம்தானே?

வாங்குவது புத்தகத்தை அல்ல, படிக்கும் உரிமத்தை. 2009-ல் அமேசான் ஒரு பதிப்பாளருடன் வந்த உரிமைச் சிக்கலில், வாசகர்கள் காசு கொடுத்து வாங்கிய நாவலை அவர்கள் கிண்டில்களிலிருந்து தானே அழித்தது, பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள் என்பது வேறு. முன்பு வாங்கியதைக் கம்ப்யூட்டருக்கு இறக்கி யூஎஸ்பியில் மாற்றிக்கொள்ளும் வழி இருந்தது, 2025 பிப்ரவரி 26-ஓடு அதையும் எடுத்துவிட்டார்கள். நகலெடுக்க விடாமல் ஃபைலில் போட்டிருக்கும் பூட்டை உடைக்கும் வழிமுறைகளை இங்கே தர மாட்டேன், நம் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012 முதல் அதற்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது.

நான் செய்வது, இபப்பைப் பூட்டில்லாமல் நேரடியாக விற்கும் பதிப்பாளர் இருந்தால் அங்கே வாங்குவது. கிண்டிலில் மட்டும் கிடைப்பதை அங்கேயே படித்துவிட்டு, காலிபரில் அட்டையும் பெயரும் மட்டும் வெற்றுப் பதிவாக வைத்துக்கொள்வது, ஃபைல் இல்லாமலும் பதிவு சேர்க்கலாம். திரும்பத் திரும்பப் படிப்பேன் என்று தோன்றும் புத்தகமா, அச்சுப் பிரதி வாங்கிவிடுங்கள்.

19. ஏற்கெனவே மூணு கருவில ஆயிரத்துக்கு மேல கிடக்குண்ணா. இதையெல்லாம் எங்கேருந்து ஆரம்பிக்கறது?

எல்லாவற்றையும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் முடிக்கப் பார்த்தால் மதியத்துக்குள் வெறுத்துவிடும். மூன்று கருவியிலிருந்தும் கம்ப்யூட்டரில் ஒரே போல்டருக்குக் கொட்டுங்கள், கருவிகளில் இப்போதைக்கு எதையும் அழிக்க வேண்டாம். அதிலிருந்து இந்த மாதம் நிஜமாகவே படிக்கப் போகும் இருபது புத்தகத்தை மட்டும் எடுத்துக் காலிபரில் சேர்த்து 7-வது பதிலில் சொன்னபடி பெயர் திருத்துங்கள். மிச்சம் அங்கேயே கிடக்கட்டும், தேவைப்படும்போது ஒவ்வொன்றாக உள்ளே வரும்.

ஒரே புத்தகம் பல தடவை வந்திருக்கிறதா என்று பார்க்க ஃபைண்ட் டூப்ளிகேட்ஸ் என்ற கூடுதல் வசதி (பிளகின்) காலிபருக்குள்ளேயே கிடைக்கும், தலைப்பையும் ஆசிரியரையும் ஒப்பிட்டுக் காட்டும். அது காட்டுவதைக் கண்ணை மூடிக்கொண்டு அழிக்காதீர்கள், ஒரே தலைப்பில் ஒன்று மூலமும் இன்னொன்று உரையுமாக இருக்கும், திருக்குறளில் இது நடக்காமலே இருக்காது. ஒரு வருடம் கழித்தும் அந்தக் குவியலில் தொடாமல் இருப்பதை என்ன செய்வது என்று கேட்டால், அப்படியே ஜிப் போட்டு ஹார்ட் டிஸ்க் மூலையில் வைத்துவிடுங்கள், நானும் அதைத்தான் செய்கிறேன்.